பழைய பேப்பர்: தோட்டத்திலும் வீட்டிலும் எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது? அடிக்கடி வரும் கேள்விகள்

மாடித்தோட்டம் போடுகிறவர்கள், மண்புழு உரம் தயாரிக்கிறவர்கள், சமையலறையில் எதையும் வீணாக்க மனம் வராதவர்கள் என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. செடிக்கு அடியில் நாலு தாள் போட "மை விஷமாச்சே" என்று தயங்குகிறவர்களே, கொதிக்கக் கொதிக்க எடுத்த பஜ்ஜியை அதே பேப்பரில் வைத்து அழுத்துகிறார்கள். பயம் இருக்க வேண்டிய இடம் மாறிப்போயிருக்கிறது. முதலில் மையைப் பற்றிப் பேசிவிட்டுத் தோட்டத்துக்குப் போவோம், பிறகு வீட்டுக்குள் வருவோம்.

பேப்பர்ல இருக்கிற மை விஷம்தானே? கையில ஒட்டுனா ஆபத்தா?

நாளிதழின் கறுப்பு மையில் நிறம் தருவது கரித்தூள். அதைத் தாளில் ஏற்றும் ஊடகம் எண்ணெயும் பிசினும். அந்த எண்ணெய் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய்; சில அச்சகங்களில் சோயா போன்ற தாவர எண்ணெய். இந்த மை பெயிண்ட் போல இறுகிக் காய்வதில்லை, தாளுக்குள் உறிஞ்சப்பட்டு நிற்கிறது. காலையில் பேப்பர் படித்துவிட்டு வெள்ளைச் சட்டையைத் தொட்டால் கறை படிவது அதனால்தான்.

விரலில் ஒட்டும் மையால் பெரிய கெடுதல் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் போதும். இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த மை தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

கலர் பக்கம், இணைப்பு, வார இதழ், துண்டு நோட்டீஸ் எல்லாத்தையும் சேர்த்துக்கலாமா?

சேர்க்க வேண்டாம். சாதாரண நாளிதழ்த் தாள் மெல்லியது, ஒரு சதுர மீட்டருக்கு 45 கிராம் அளவில்தான் எடை. மேல்பூச்சு கிடையாது, அதனால் தண்ணீரை உடனே குடிக்கும், சீக்கிரம் மக்கும். வழவழப்பான இதழ்த் தாளில் களிமண்ணும் சுண்ணாம்புத்தூளும் பூசியிருப்பார்கள். சில அட்டைகளுக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலமே ஒட்டியிருக்கும். களிமண் செடியை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை போல நின்று காற்றையும் நீரையும் தடுக்கும். பிளாஸ்டிக் படலமோ மண்ணிலேயே தங்கிவிடும்.

நாளிதழின் உள்ளேயே வரும் கலர் படங்கள் வேறு கதை. தாள் அதே தாள்தான். இன்றைய கலர் மைகளில் பெரும்பாலும் இருப்பவை கரிமச் சேர்மங்களான நிறமிகள். நீல நிறமியில் செம்பு உண்டு, ஆனால் அது மூலக்கூறுக்குள் இறுகக் கட்டுண்டது. தண்ணீரில் கரைந்து வெளியே வராது. ஆனாலும் எந்த அச்சகம் எந்த மையை வாங்குகிறது என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை. கீரை, கிழங்கு போடும் பாத்திகளுக்குக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களை ஒதுக்குங்கள். கலர் பக்கங்களைப் பூச்செடி, குரோட்டன்ஸ் பக்கம் தள்ளுங்கள். சந்தேகம் வந்தால் தாளைக் கிழித்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தொய்ந்து போனால் தோட்டத்துக்கு, விறைப்பாகவே மிதந்தால் பேப்பர் கடைக்கு.

மூடாக்கா போட்டா மை மண்ணுல இறங்கி காய்க்குள்ள ஏறிடாதா?

மூடாக்கு என்பது செடியைச் சுற்றியுள்ள மண்ணை மூடிப் பரப்புவது. அப்படிப் போடும் தாளின் மையில் உள்ள கரித்தூள் நீரில் கரையாத பொருள். வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்திருப்பதைத்தான். கறுப்பு மை காய்க்குள் ஏறுவதற்கு வழியே இல்லை. மையோடு இருக்கும் எண்ணெயை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். பழைய காலத்து மஞ்சள், ஆரஞ்சு மைகளில் காரீயம் சேர்ந்த நிறமிகள் இருந்ததுண்டு. மை என்றாலே விஷம் என்ற பயத்துக்கு அடிப்படை அதுதான். இன்று காலை வந்த கறுப்பு வெள்ளைத் தாளுக்கு அந்தப் பயம் பொருந்தாது. பரணில் கிடக்கும் பழங்கட்டைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறோம்.

மூடாக்கில் நிஜமாகவே கெட்டுப்போவது மையால் அல்ல. கரையான், காற்றோட்டக் குறைவு, தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை என்ற மூன்றும்தான் தகராறு செய்யும். அடுத்து வருபவை அவை.

எத்தனை தாள் போடணும்? எப்படிப் போடணும்?

பாத்திக்கு 6 முதல் 8 அடுக்கு. 16 பக்க நாளிதழின் குறுக்கு மடிப்பை மட்டும் பிரித்து, நடு மடிப்பைப் பிரிக்காமல் வைத்தால் சரியாக 8 அடுக்கு கிடைக்கும். தொட்டிக்கும் குரோபேக்குக்கும் 3 அடுக்கே அதிகம்.

முதலில் களையைத் தரையோடு வெட்டிவிடுங்கள், பிடுங்கத் தேவையில்லை. மண்ணை நன்றாக நனையுங்கள். காய்ந்த மண்மேல் பேப்பர் போட்டால், பிறகு ஊற்றும் தண்ணீர் தாளிலேயே நின்று வழிந்தோடிவிடும். அடுத்து, ஒரு பிடி மக்கு உரத்தையாவது தூவுங்கள். தாள்களை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் 10 செ.மீ. ஏறும்படி பரப்புங்கள். நனைக்காமல் போட்டால் ஆடிக் காற்றில் பேப்பர் பக்கத்து வீட்டுக்குப் போகும். செடியின் தண்டைச் சுற்றி நான்கு விரல் அளவுக்கு வெற்றிடம் விடுங்கள். தண்டோடு ஒட்டி ஈரம் நின்றால் அடித்தண்டு அழுகும். கடைசியில் காய்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டைத் தூள் என்று கையில் கிடைப்பதை இரண்டு அங்குல உயரத்துக்கு மேலே மூடுங்கள். மேலே மூடாமல் வெறும் பேப்பராக விட்டால் வெயிலில் காய்ந்து தகடு போல் நிமிர்ந்துவிடும். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது பேப்பருக்குக் கீழே இருக்க வேண்டும்.

நம் வெப்பத்தில் இது இரண்டு மூன்று மாதம் தாங்கும். அதற்குள் மண்ணோடு கலந்துவிட்டால் நல்லதுதான். மேலே இன்னொரு அடுக்கு போடுங்கள்.

போட்ட பத்தே நாள்ல கரையான் வந்துடுச்சு, இப்ப என்ன செய்ய?

செம்மண் நிலத்தில், முக்கியமாகப் பக்கத்தில் புற்றோ பட்ட மரமோ இருந்தால், இது எதிர்பார்க்க வேண்டியதே. ஈரம், இருட்டு, செல்லுலோஸ் மூன்றையும் ஒரே இடத்தில் விருந்து வைத்திருக்கிறோம். கரையான் முதலில் பேப்பரைத்தான் தின்னும். அது தீர்ந்ததும் வாடிய செடியின் வேர், தண்டு என்று நகரும்.

பேப்பரை முழுவதும் எடுத்துவிடுங்கள். மண் பூச்சு போல ஏறியிருக்கும் பாதைகளை உடைத்து, இரண்டு நாள் மண்ணை வெயில் பட விடுங்கள். சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம் வேப்பம் புண்ணாக்கைக் கிளறி விட்டு நீர் பாய்ச்சினால் நடமாட்டம் குறையும். அடியோடு போய்விடும் என்று நம்ப வேண்டாம். வீட்டு அஸ்திவாரத்துக்கு அடிக்கும் கரையான் மருந்தைக் காய்கறிப் பாத்தியில் ஊற்றாதீர்கள். மைக்குப் பயந்த பயத்தை அங்கே காட்டினால் சரி.

கரையான் வழக்கமாக வரும் இடத்தில் பேப்பர் மூடாக்கே வேண்டாம். வேப்பிலை, நொச்சி, கிளிரிசிடியா போன்ற பச்சைத் தழைகளைப் போடுங்கள். கரையான் இல்லாத இடத்திலும் வீட்டுச் சுவர், மரக் கதவு நிலை, கூரைக் கால் ஆகியவற்றிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளியே பேப்பர் போட வேண்டும். வாரம் ஒரு முறை ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அப்படித் தூக்கும்போது கரையானுக்குப் பதில் நத்தைகள் ஒளிந்திருந்தால், கையோடு பொறுக்கிவிடலாம்.

பேப்பர் போட்ட பிறகு இலையெல்லாம் மஞ்சளாகுது. மை காரணமா?

மை காரணமில்லை. அநேகமாகப் பேப்பரைக் கிழித்து மண்ணோடு கலந்திருப்பீர்கள். பேப்பர் கிட்டத்தட்ட முழுக்கக் கரிமம். அதில் தழைச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் செடி பட்டினி கிடக்கிறது. அடி இலைகள் முதலில் வெளுக்கும்.

100 கிராம் கடலைப் புண்ணாக்கை 1 லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, 10 மடங்கு நீர் சேர்த்து வாரம் ஒரு முறை ஊற்றிவந்தால் இரண்டு மூன்று வாரத்தில் புதிய துளிர் பச்சையாக வரும். ஏற்கெனவே வெளுத்த அடி இலை பெரும்பாலும் திரும்பாது. பேப்பர் மண்ணுக்கு மேல் கிடக்கும்வரை இந்தச் சிக்கல் மிகக் குறைவு. பேப்பரை மண்ணுக்குள் புதைக்காதீர்கள்.

மேலே மட்டும் போட்டும் மஞ்சளானால், ஓரத்தைத் தூக்கி மண்ணை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் நீர் அதிகம். பேப்பர் மண்ணை மூச்சுவிட விடவில்லை. பாதி அடுக்கை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள்.

கோரைப் புல் பேப்பரைக் குத்திக்கிட்டு மேல வருதே?

வரும். கோரையின் ஊசி முளை பிளாஸ்டிக் மூடாக்குத் தாளையே துளைக்கும், பேப்பர் எம்மாத்திரம்? கிழங்கைத் தோண்டி எடுப்பதுதான் வழி. அருகம்புல்லும் ஓரமாக ஓடி வெளியே தலைகாட்டும். பார்த்தீனியம், குப்பைமேனி, சாரணை போல விதையிலிருந்து முளைக்கும் களைகளுக்குப் பேப்பர் நன்றாக வேலை செய்கிறது. வெளிச்சம் போகாததால் விதை முளைத்தாலும் செத்துவிடும்.

தொட்டி அடியில மண்ணு ஒழுகாம இருக்க பேப்பர் போடலாமா?

ஒரே ஒரு தாள் போடலாம். சில வாரத்தில் மக்கிவிடும், அதற்குள் மண் செட்டாகிவிடும். நாலைந்து தாளை மடித்து வைத்தால் கூழாகித் துளையை அடைத்து, வேர் அழுகும். இதற்கு ஓட்டுச் சில்லும் தேங்காய் நாரும் எப்போதும் மேல்.

பேப்பர் கப் செஞ்சு நாத்து விடலாமா? அப்படியே நடலாமா?

பாகல், புடலை, சுரை, பூசணி போல வேர் அசைந்தால் கோபித்துக்கொள்ளும் கொடிகளுக்கு இது அருமையான முறை. 15 செ.மீ. அகலத் துண்டை இரண்டு மடிப்பாக எடுத்து, 5 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலின்மேல் 10 செ.மீ. உயரத்துக்குச் சுற்றுங்கள். மீதி 5 செ.மீ.யை அடியில் உள்பக்கமாக மடித்துத் தரையில் வைத்து அழுத்துங்கள். பசையோ செல்லோ டேப்போ தேவையில்லை. தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் சம அளவு கலந்து நிரப்பி, தட்டில் நெருக்கமாக அடுக்குங்கள். ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மூன்று நான்கு வாரம் வரை தாங்குவதால் கொடி நாற்றுக்குப் போதும். 30 நாளுக்கு மேல் இருக்க வேண்டிய நாற்று என்றால் குழித்தட்டே நல்லது.

நடும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. கப்பின் மேல்விளிம்பு மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது திரி போல வேரின் ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும். கிழித்துவிடுங்கள் அல்லது மண்ணுக்குள் மறையுங்கள். உலர்ந்த கப்பை அப்படியே நட்டால் வேர் சுவரைத் தாண்டாது. தண்ணீரில் முக்கி, அடிப்பக்கத்தைக் கிழித்துவிட்டு நடுங்கள். கப்பின் வெளிப்புறம் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் அது பேப்பரை மக்கவைக்க வந்தது, நாற்றைத் தொடாது. ஆனால் கப்புகள் எப்போதும் சொதசொதப்பாக இருந்தால் வேறு பூஞ்சை வந்து நாற்றின் கழுத்தை அழுகவைக்கும்.

கம்போஸ்ட்ல எவ்வளவு பேப்பர் போடலாம்? மண்புழு செத்துடாதா?

ஈரமான 1 கிலோ சமையலறைக் கழிவுக்கு 100 முதல் 150 கிராம் கிழித்த பேப்பர். 16 பக்க நாளிதழ் ஒன்று ஏறத்தாழ 70 கிராம் இருக்கும் என்பதால் இரண்டு நாள் பேப்பர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் பேப்பராகப் போடாமல் பாதிக்குக் காய்ந்த இலையைச் சேர்த்தால் காற்று புகும். விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழியுங்கள். இழையோட்டம் அந்தப் பக்கம் என்பதால் சுலபமாகக் கிழியும். முழுத் தாளாகப் போட்டால் ஒட்டிக்கொண்டு, நடுவில் காற்றில்லாமல் நாறும்.

மண்புழு தாராளமாகத் தின்னும். ஊறவைத்துப் பிழிந்த பேப்பர்த் துண்டுகளை நான்கு அங்குலத்துக்குப் படுக்கையாகப் போடுவது பழக்கமான முறைதான். கையில் பிழிந்தால் இரண்டு சொட்டு வர வேண்டும், ஓடக் கூடாது. மண்புழு சாகிறதென்றால் மையைக் குற்றம் சொல்வதற்கு முன் பெட்டியின் சூடு, உலர்ந்த படுக்கை, ஊறுகாய் உப்பு, எண்ணெய்ப் பண்டம் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஏடிஎம் ரசீது, பஸ் டிக்கெட் எல்லாம் பேப்பர்தானே, அதையும் போடலாமா?

கூடாது. சூட்டில் எழுத்து தோன்றும் அந்தத் தாளில் பிஸ்பீனால் வகை வேதிப்பொருள் பூசப்பட்டிருக்கலாம். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுந்தால் அது அந்த வகைத் தாள். உரக்குழிக்கும் வேண்டாம், பேப்பர் கடைக் கட்டிலும் சேர்க்க வேண்டாம். குப்பைக்குத்தான்.

இயற்கை விவசாயச் சான்று வாங்குன நிலத்துல பேப்பர் மூடாக்கு போடலாமா?

அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள் நாளிதழை மூடாக்காகவும் உரக்குழிக்கும் அனுமதிக்கின்றன. வழவழப்புத் தாளும் கலர் மையும் கூடாது என்பது நிபந்தனை. ஏற்றுமதிக்கு விளைவிக்கிறவர்களுக்கு இது பயன்படும் தகவல். நம் ஊரில் உங்களுக்குச் சான்று தரும் முகமையிடம் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வாளர் வந்த பிறகு விளக்கம் சொல்வது எடுபடாது.

பஜ்ஜி, வடையில எண்ணெயை ஒத்தி எடுக்க பேப்பர் போடுறது காலங்காலமா செய்றதுதானே?

காலங்காலமாகச் செய்தாலும் தவறுதான். இந்தப் பக்கத்தில் எங்கேயாவது கண்டிப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் அது இங்கேதான். மை எண்ணெயில் கரையும் என்று முதல் பதிலில் பார்த்தோம். பஜ்ஜி 170, 180 டிகிரி எண்ணெயிலிருந்து நேராகப் பேப்பருக்கு வருகிறது. சூடான எண்ணெய் தாளுக்குள் இறங்கி, அங்கே காயாமல் நிற்கும் மை எண்ணெயைக் கரைத்துக்கொள்கிறது. அழுத்தி எடுக்கும்போது அதில் ஒரு பங்கு பண்டத்துக்கே திரும்பி வருகிறது. வடையின் அடியில் எழுத்து பதிந்திருந்தால் நீங்கள் பார்ப்பது கரித்தூளை மட்டும். நிறமில்லாத கனிம எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது.

கனிம எண்ணெய்களில் ஒரு பிரிவு உடல் திசுக்களில் சேர்ந்து தங்குகிறது என்றும், இன்னொரு பிரிவில் மரபணுவைப் பாதித்துப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடியவை இருக்கலாம் என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் மதிப்பிட்டது. ஒரு நாள் சாப்பிட்ட வடைக்காக யாரும் பதற வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள், வருடக்கணக்கில், குழந்தைகளுக்கும் என்று பழக்கமாவதுதான் சிக்கல்.

மாற்று வழி எளிது. தட்டின்மேல் எவர்சில்வர் வடிதட்டோ சல்லடையோ வைத்து அதில் போடுங்கள். எண்ணெய் கீழே சொட்டும், பண்டமும் ஈரம் கோத்துத் தொய்யாது. கரண்டியோடு வாணலியின் ஓரத்தில் கொஞ்ச நேரம் சாய்த்துப் பிடித்தாலே பாதி வடிந்துவிடும். ஒத்தித்தான் ஆக வேண்டுமென்றால் உணவுக்கென்று விற்கும் அச்சில்லாத டிஷ்யூ. எண்ணெய் போதிய சூடு ஏறாமல் போட்ட பஜ்ஜிதான் அதிகம் குடிக்கும். அதைச் சரிசெய்தால் ஒத்தும் வேலையே குறையும்.

எழுத்தில்லாத வெள்ளை ஓரத்துல வச்சா பரவாயில்லையா? இல்லாட்டி மேல வாழையிலை போட்டா?

வெள்ளை ஓரமும் சுத்தமில்லை. அடுக்கிக் கட்டும்போது பக்கத்துத் தாளின் மை அதில் ஒட்டும். தாளே பெரும்பாலும் பழைய பேப்பரைக் கூழாக்கிச் செய்ததாக இருக்கும்; முந்தைய மையின் எண்ணெய் முழுவதும் போவதில்லை. அச்சிடாத பழுப்பு மறுசுழற்சித் தாளுக்கும் இதே பேச்சுத்தான். போதாக்குறைக்கு அந்தக் கட்டு எத்தனை நடைபாதையில் கிடந்து, எத்தனை கை மாறி வந்ததோ.

கிழிசலில்லாத வாழையிலை நடுவில் இருந்தால் மை ஏறாது. ஆனால் இலை எண்ணெயை உறிஞ்சாது. வழியும் எண்ணெய் விளிம்பைத் தாண்டிப் பேப்பரில் ஊறித் திரும்பி வரும். இலையைத் தட்டில் போடுங்கள், பேப்பரை விட்டுவிடுங்கள்.

கடைக்காரர் பேப்பர்லதான் கட்டித் தர்றார். சட்டம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரில் இதைக் கண்டித்து அறிவுரை வெளியிட்டது. பிறகு வந்த 2018-ம் ஆண்டின் உணவுப் பொட்டல ஒழுங்குமுறைகள், உணவைப் பொதியவோ சுற்றவோ நாளிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்கின்றன. 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. 2023 செப்டம்பரில் ஆணையம் மறுபடியும் எச்சரித்தது. உணவுப் பொட்டலங்களில் அச்சிடும் மைக்கு ஐ.எஸ். 15495 என்று தனி இந்தியத் தர நிர்ணயமே உண்டு. நாளிதழ் அச்சாவது அந்த மையில் அல்ல.

சண்டை போடுவதைவிட டப்பா எடுத்துப் போவது சுலபம். கேட்டும் மாறாத கடை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் செய்யலாம். உலர்ந்த கடலைப் பொட்டலத்தில் எண்ணெய் வடைபோல் மை ஏறாது என்றாலும் சட்டம் இரண்டுக்கும் ஒன்றே.

கீரையைப் பேப்பர்ல சுத்தி ஃபிரிட்ஜ்ல வச்சா நாலு நாள் தாங்குதே, அது தப்பா?

தாங்குவது உண்மை. அதிகப்படி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இலை அழுகாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த வேலையைப் பழைய பருத்தித் துணியும் அப்படியே செய்யும்; வேட்டித் துண்டு இன்னும் நன்றாகச் செய்யும். சமைக்குமுன் கழுவும் பொருள், எண்ணெய்ப் பசையும் இல்லை என்பதால் இது பஜ்ஜி அளவுக்கு மோசமில்லை. ஈரக் கீரையோடு ஒட்டிய தாளிலிருந்து மைத்துகள் இலைமேல் படியும், மூன்று தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். கழுவாமல் சாப்பிடும் கொத்தமல்லி, புதினாவுக்கும், நறுக்கிய காய், தேங்காய் மூடி, பனீருக்கும் பேப்பர் வேண்டவே வேண்டாம்.

மாங்காய், வாழைக்காய் பழுக்க வைக்கப் பேப்பர்ல சுத்தலாமா?

தோலை உரித்துத் தின்னும் பழத்துக்குச் சிக்கலில்லை. பழம் விடும் எத்திலீன் வாயுவைப் பேப்பர் அருகிலேயே தேக்கிவைப்பதால் சீராகப் பழுக்கும். தோலோடு கடிக்கும் கொய்யாவுக்கு வைக்கோல் போடுங்கள். வைக்கோல் கிடைத்தால் மாங்காய்க்கும் அதுவே.

வத்தல், வடகம் காயவைக்க?

வெள்ளைத் துணி. ஈரமாவு பேப்பரில் ஒட்டிக் காய்ந்தால் மையோடு தாளும் சேர்ந்து வரும், பிறகு அது எண்ணெயில்தான் பொரியப் போகிறது.

அலமாரித் தட்டுல விரிக்கலாமா? துணி பீரோவில?

மூடிபோட்ட டப்பாக்களுக்கு அடியில் தாராளமாக விரிக்கலாம். மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். மறந்தால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் குடியேறும். கவிழ்த்து வைக்கும் டம்ளர், தட்டுக்கு அடியில் வேண்டாம். அடுப்பு மேடையில் பர்னருக்குப் பக்கத்தில் எண்ணெய் தெறிக்காமல் இருக்க விரிப்பது சுத்தமான முட்டாள்தனம். எண்ணெய் ஊறிய பேப்பர் திரிக்குச் சமம்.

பட்டுப் புடவையை மட்டும் பேப்பரில் சுற்றாதீர்கள். நாளிதழ்த் தாள் வருடம் போகப் போகப் பழுத்து அமிலத்தன்மை ஏறும், மை வெளிர் நிறங்களில் படியும். சரிகை கறுக்கவும் இது துணைபோகலாம். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி வையுங்கள். மழையில் நனைந்த ஷூவுக்குள் பேப்பரைக் கசக்கித் திணிப்பதில் தப்பே இல்லை; ஈரமாகும்போது மாற்றுங்கள்.

ஜன்னல் கண்ணாடி துடைக்கிறது?

நல்ல உபயோகம், துணிபோல இழை விடாது. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து, கசக்கிய பேப்பரால் வட்டமாகத் தேய்த்துவிட்டு, உலர்ந்த பேப்பரால் முடியுங்கள். வெள்ளைச் சட்டத்தில் கறுப்புக் கறை படியும், ஒதுங்கித் தேயுங்கள். டிவி, லேப்டாப் திரை, மூக்குக் கண்ணாடிக்கு வேண்டாம். அவற்றின் மேல்பூச்சில் கீறல் விழும்.

மைக்ரோவேவ்ல பேப்பர் போட்டுச் சூடு பண்ணலாமா?

கூடாது, தீப்பிடிக்கும். காகிதம் 230 டிகிரிக்குப் பக்கத்திலேயே தானாகப் பற்றும். ஓவனிலும் ஏர் ஃப்ரையரிலும் விரிக்கக் கூடாததும் இதனால்தான்.

எரிச்சு சாம்பலைச் செடிக்குப் போடலாமா?

விறகு பற்றவைக்க இரண்டு கறுப்பு வெள்ளைத் தாள் போதும். கட்டுக்கட்டாக எரிப்பதில் பயனில்லை. அந்தச் சாம்பலில் பெரும்பகுதி காகிதத்தில் நிரப்பிய களிமண், விறகுச் சாம்பலில் உள்ள சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதில் இல்லை. பொது இடத்தில் குப்பை எரிப்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி தடைசெய்யப்பட்டது, போகி அன்றும்கூட.

நாய்க்குட்டி, முயல், கோழிக்குஞ்சுக்கு அடியில விரிக்கலாமா?

நாய்க்குட்டிக்குச் சரி, வெள்ளை முடியில் கறை ஏறும், அவ்வளவுதான். முயல் கடித்துத் தின்னும் என்பதால் கறுப்பு வெள்ளைப் பக்கம் மட்டும். அதிகம் தின்கிறதென்றால் வைக்கோலுக்கு மாறுங்கள். கோழிக்குஞ்சுக்கு உமிப் படுக்கையின் மேல் முதல் இரண்டு மூன்று நாள் பேப்பர் விரிப்பது பண்ணைகளில் வழக்கம். தீவனம் என்று நினைத்து உமியைத் தின்னாமல் இருக்கும். தினமும் மாற்றுங்கள். வழுக்கும் தரைமேல் வெறும் பேப்பர் மட்டும் விரித்தால் குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து ஊனமாகும்.

பரண்ல 30, 40 வருஷக் கட்டு இருக்கு. மழையில நனைஞ்சு பூஞ்சை பிடிச்ச கட்டும் இருக்கு. என்ன பண்ணலாம்?

பரண் கட்டைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோக வேண்டாம். மேலே சொன்ன காரீய நிறமிகள் புழங்கிய காலத்துத் தாளாக இருக்கலாம். பேப்பர் கடையில் எடைக்குப் போடுங்கள். அதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள், வீட்டுப் பத்திரம் எதுவும் நடுவில் இருக்கப்போகிறது.

மழைநீரில் நனைந்து பூஞ்சை பிடித்தது உரக்குழிக்குப் போகலாம். உதறினால் பூஞ்சைத் தூள் மூச்சில் ஏறும், ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டவே போகக் கூடாது. மற்றவர்கள் முகக்கவசம் போட்டு, முதலில் தண்ணீர் தெளித்து அடக்கிவிட்டு அள்ளுங்கள். வெள்ளத்தின்போது சாக்கடை கலந்த நீரில் ஊறிய கட்டு என்றால் உரக்குழிக்கும் வேண்டாம், பேப்பர் கடைக்கும் வேண்டாம். கையுறையோடு மூட்டை கட்டி, தூய்மைப் பணியாளர் கையில் கொடுக்கும்போது அது என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.